நெளி நிற்கணும்

நாற்காலிக்காகப் பெரிய மனிதர்கள் அடித்துக்கொள்வதைச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் பெட்டிக்காரருக்குச் சிரிப்பு வரும். “நாலு கால் வச்ச ஒரு கட்டைக்கு இந்தப் பாடா!” என்பார். அதையும் தன் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் சொல்வார். அந்த நாற்காலிக்கே ஆபத்து என்று தெரிந்த அன்று சிரிப்பு நின்றுவிட்டது.

பெட்டிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவருக்குத் தரச் சோதனை வேலை. அதாவது, மற்றவர்கள் பாடுபட்டுச் செய்த பெட்டியை ஒரு மெஷினின் நடுவே வைத்து, நசுங்கும்வரை நசுக்கிப் பார்ப்பது. பகலெல்லாம் நசுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், நசுங்கும் முறை அவருடையதாகிவிடும்.

மனைவி, பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவள். விரலால் தடவிப் பார்த்தே நேர் நூல் எது, குறுக்கு நூல் எது என்று சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அப்படித்தான். யாரையும் தடவிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அவர் தொழிலைப் பற்றிப் பேசுவார். இரண்டு தாளுக்கு நடுவில் அலை அலையாக இன்னொரு தாள் ஓடுகிறதே, அதற்கு நெளி என்று பெயர். நெளி நிமிர்ந்து நின்றால் பெட்டி யானையைத் தாங்கும். படுத்துவிட்டால் பூனையைத் தாங்காது. கல்யாணமான புதிதிலிருந்து இதே யானை, இதே பூனை. மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே “ம்” என்பாள். அவர் இன்னும் கொஞ்சம் விளக்குவார். “ம்.” அந்த ‘ம்’ கேட்கிறவர்களின் ‘ம்’ அல்ல என்று அவர் எப்போதோ தீர்மானித்துவிட்டார். சுவரோடு பேசினால் எதிரொலியாவது வரும், இவளோடு பேசினால் இன்னொரு கரண்டி குழம்புதான் வருகிறது என்பது அவருடைய மனத்தாங்கல்.

அந்த வீட்டில் காற்றும் வெளிச்சமும் சேர்ந்து வரும் இடம் ஒன்றே ஒன்று. முன்னறை ஜன்னலோரம். நாற்காலி அங்கேதான் இருந்தது. மனைவி ஒருநாள் இடுப்பில் அளவுநாடாவோடு அதன் எதிரே வந்து நின்றாள்.

“என்னங்க, பாப்பா தையல் மெஷின் ஓரத்துல நோட்டை வச்சுப் படிக்கிறா.”

“நல்லாப் படிக்கட்டும்.”

“நேத்து ஒரு காலரோட சேர்த்து அவ கணக்கு நோட்டையும் தச்சுட்டேன்.”

“பிரிச்சியா?”

“காலரைப் பிரிச்சுட்டேன். நோட்டு இன்னும் பைல கெடக்கு. அவளுக்கு ஒரு மேசை போடணும்.”

“போடு. யார் வேணாங்கறா?”

“ஜன்னல்கிட்ட.”

பெட்டிக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். மனைவி அதை இரண்டு விரலால் கீழே இறக்கினாள்.

“இங்க உக்காந்து அப்படி என்னதான் பண்றீங்க?”

“யோசிக்கிறேன்.”

“எதை?”

“அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

“நான் வண்டி ஓட்டக் கத்துக்கறேன், கடை வேனை நானே எடுப்பேன்னு கேட்டப்பவும் இதே நாற்காலில உக்காந்துதான் ‘யோசிச்சுச் சொல்றேன்’னீங்க. பாப்பா அப்ப பால்பல்லு விழுந்து நின்னா. இப்ப அவளுக்கு அறிவுப்பல்லே வந்துடும் போல.”

மகள் உள்ளிருந்து வந்தாள். அவளுக்குப் பெரிய வகுப்பு. பெரிய வகுப்பு என்றால் பெரிய கொள்கைகள்.

“அப்பா, மர மேசை வாங்காதீங்க. மரத்தை வெட்டி, அது மேலயே நோட்டை வச்சு ‘மரம் வளர்ப்போம்’னு கட்டுரை எழுதினா எனக்கு வெக்கமா இருக்கும். பிளாஸ்டிக்கும் வேண்டாம், மக்காது. நான் வளந்தப்புறம் அந்த மேசையை மறுசுழற்சிக்குப் போடற மாதிரி இருக்கணும்.”

மறுசுழற்சி! பெட்டிக்காரரின் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. நாற்காலியிலிருந்து அவரே எழுந்து நின்றார். அதுவே அந்த வீட்டில் செய்திதான்.

“அட்டைல செய்வோம்! நானே செய்றேன். ஏழடுக்கு அட்டை. பூமிக்கும் நல்லது, பாப்பாவுக்கும் நல்லது.”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்களா? ஒரு ஆணி அடிக்கச் சொன்னா சுவத்துல ஜன்னல் வைக்கிற ஆளாச்சே.”

“அப்படி ஒண்ணு வச்சிருந்தா இப்ப இந்தச் சண்டையே வந்திருக்காது.”

பேச்சு இப்படிப் போனதே தவிர, அவர் மனதில் ஓடியது வேறு. அட்டை வேலையில் தலைநரைத்தவர் அவர். மேசையின் நான்கு கால்களையும் நான்கு நெட்டைப் பெட்டிகளாகச் செய்ய வேண்டும். நெளியை நிமிர்த்தி வெட்டினால் அது பாறை. படுக்கவைத்து வெட்டினால்? திடீரென்று எல்லாம் விழாது. குழந்தைக்கு ஒரு கீறலும் படாது. நான்கு கால்களும் நாளாக நாளாக, ஒரு பெரியவர் வணங்குவதுபோல, மரியாதையாகக் குனியும். ‘அட்டை சரிப்படாதும்மா’ என்று அவர் வருத்தத்தோடு சொல்லுவார். வேறு மேசை வேறு சுவரோரம் போகும். நாற்காலி ஜன்னலுக்குத் திரும்பும்.

இது துரோகமா? பேருந்தில் தொழிற்சாலைக்குப் போகும்போதெல்லாம் அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். பெற்ற மகளுடைய மேசைக்கா குழி பறிப்பது? பிறகு மனிதனுக்கு ஜன்னல் வேண்டாமா என்றும் கேட்டுக்கொண்டார். கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒரு சமாதானம் செய்தார். மேல்பலகையை ஒழுங்காகச் செய்வது, காலை மட்டும் வாருவது.

அப்படியே செய்தார். ஓரம் நசுங்கி வேண்டாமென்று ஒதுக்கிய அட்டைகளை மேலாளரிடம் கேட்டு வாங்கி, மேல்பலகையை நெளி குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, கால்களை மட்டும் நெளி படுத்திருக்கும்படி வெட்டி, சனிக்கிழமை மாலை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். மனைவி அருகே வந்து வெட்டிய விளிம்பை விரலால் ஒருமுறை தடவினாள்.

“இதுதான் காலா?”

“ஆமா. ஏன், எதாவது...”

“ம்,” என்றாள் மனைவி.

வழக்கமான ‘ம்’. அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலியை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. வீட்டில் வைக்க இடமில்லை. எதிர்வீட்டு டிரைவிங் மாஸ்டரின் வராந்தாவில் தற்காலிகமாகப் போட்டுவைக்கலாம் என்று மனைவிதான் யோசனை சொன்னாள். மாஸ்டர் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மனிதர்கள் நடப்பதையும் வண்டி ஓட்டுவதாகவே பார்ப்பார்.

“ரிவர்ஸ்ல வாங்க சார். வாங்க, வாங்க. லெஃப்ட்ல ஒடிங்க. பிரேக்! பூந்தொட்டி சார், பூந்தொட்டி!”

நாற்காலி வராந்தாவில் இறங்கியதும் மாஸ்டர் அதில் உட்கார்ந்து பார்த்தார். பின்னால் சாய்ந்தார். கண்ணை மூடினார்.

“நல்ல வண்டி சார். குலுக்கலே தெரியல.”

“கொஞ்ச நாளைக்குத்தான் மாஸ்டர். அந்த அட்டை மேசை எப்படி நிக்குதுன்னு பாத்துட்டு...”

“அட்டையா?” மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். “அட்டைன்னா ஒட்டிக்கும் சார். ஒரு எடத்துல கடிச்சா லேசுல விடாது.”

“அது வேற அட்டை மாஸ்டர்.”

“எந்த அட்டையோ. எதுக்கும் பாத்து ஓட்டுங்க.”

பேசிவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது ஜன்னலோரத்தில் மேசை நின்றது. தாயும் மகளும் கால்களை மடித்து, பசை போட்டு, மூடியை ஒட்டி, பலகையை ஏற்றி முடித்திருந்தார்கள்.

“நான் வர்றதுக்குள்ள என்ன அவசரம்?”

“நீங்க கோடு போட்டு வச்ச எடத்துல மடிச்சோம். அப்படியே உக்காந்துருச்சு,” என்றாள் மனைவி. “வெட்டுன்னா உங்க வெட்டுதான்.”

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல்முறை. மகள் மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவருக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. பசை வாசனை என்று நினைத்துக்கொண்டார்.

அதன்பிறகு காத்திருப்பு. காலையில் பல் தேய்க்கும்போது கண் மேசைக்குப் போகும். மாலையில் செருப்பைக் கழற்றும்போது குனிந்து, ஒரு கண்ணை மூடி, காலின் நேர்கோட்டைப் பார்ப்பார். கோடு நேராகத்தான் இருந்தது. மகள் பாடப்புத்தகங்களை அடுக்கினாள். பிறகு அகராதியை வைத்தாள். பிறகு ஒரு மீன் தொட்டியையும் கொண்டுவந்து வைத்தாள், தண்ணீரோடு. மேசை மூச்சுக்கூட விடவில்லை. தொட்டிக்குள் ஒரே ஒரு மீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

வராந்தாவிலோ மாஸ்டர் நாற்காலியில் ஊன்றிவிட்டார். பெட்டிக்காரர் தன் நாற்காலியைப் பார்க்கப் போனால் மாஸ்டர் மரியாதையாக ஒரு முக்காலியை எடுத்துப் போடுவார். தன் நாற்காலிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருப்பது, தன் கல்யாணத்திலேயே கடைசிப் பந்தியில் இடம் கிடைத்ததுபோல இருந்தது அவருக்கு.

“எப்ப சார் வந்து எடுத்துக்கறீங்க?” என்பார் மாஸ்டர், இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டே. “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

ஒருநாள் மகள் பள்ளியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள்.

“அப்பா! இன்னைக்கு எங்க வகுப்புல நம்ம மேசையைப் பத்திப் பேசினேன். எல்லாரும் கைதட்டினாங்க. கால்தான் ரொம்ப விசேஷம்னு டீச்சரே சொன்னாங்க!”

பெட்டிக்காரருக்குத் தேநீர் புரைக்கேறியது. “காலா? கால்ல என்ன விசேஷம்?”

“போங்கப்பா, உங்களுக்குத் தெரியாததா!”

தையல் மெஷினுக்குப் பின்னால் மனைவி பல்லால் நூலைக் கடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நூல் மட்டும் அறுந்தது.

அவருக்கு இப்போது நாற்காலிக் கவலையை மீறி இன்னொரு கவலை வந்துவிட்டது. தொழில் கவலை. நெளி படுத்தால் கால் குனிய வேண்டும். இந்தக் கால் குனியவில்லை. அப்படியானால் இத்தனை காலம் தொழிற்சாலையில் அவர் சொன்னதெல்லாம் பொய்யா? யானையும் பொய், பூனையும் பொய்யா? மனிதன் வீட்டில் தோற்கலாம், வேலையில் தோற்கலாமா? சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

மனைவியும் மகளும் பொத்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன ஒரு பகல் வேளையில் கதவைச் சாத்தினார். மீன் தொட்டியை இறக்கித் தரையில் வைத்தார். அகராதிமேல் இஸ்திரிப்பெட்டியை வைத்தார். அதன் பக்கத்தில் துணி மூட்டையை ஏற்றினார். தையல் மெஷினின் தலையையும் கழற்றி வைத்தார். மேசை அசையவில்லை. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பனியனோடு, முக்கி முனகித் தானே ஏறி உட்கார்ந்தார். அவர் ஒன்றும் பூனை கிடையாது. யானைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்த உடம்பு.

மேசை ‘கிரீச்’ என்றுகூடச் சொல்லவில்லை.

குதித்துப் பார்க்கலாமா என்று யோசித்தார். அப்போதுதான் ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. அதே பழைய காற்று. பிரிந்துபோன சொந்தக்காரன் தோளில் கை போட்டதுபோல. காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். சுவரில் தலையைச் சாய்த்தார். சோதனை என்ன ஆயிற்று என்பதையே மறந்து, வாயைத் திறந்து தூங்கிப்போனார்.

“பாத்தீங்களா? நான் சொன்னா நம்பலையே!”

கண் விழித்தால் எதிரே மனைவி. பக்கத்தில் மகள். அவர்களுக்குப் பின்னால் சீருடைக்கு அளவு கொடுக்க வருகிற அம்மாமார் நான்கைந்து பேர், கண்ணை அகல விரித்துக்கொண்டு.

“மேசையைப் பாக்கணும்னு வந்திருக்காங்க,” என்றாள் மனைவி. அவர்களிடம் திரும்பினாள். “அட்டைதான். ஆனா ஆளே ஏறித் தூங்கினாலும் தாங்கும். எவ்ளோ பெரிய ஆளுன்னு நீங்களே பாத்துக்கங்க.”

“உங்க வீட்டுக்காரர் தினமும் இதுலதான் தூங்குவாரா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“தரச் சோதனைங்க. அவர் வேலையே அதான்.”

பெட்டிக்காரர் இறங்கப் போனார்.

“அசையாதீங்க!” மனைவி கைபேசியைத் தூக்கினாள். “கொஞ்சம் சிரிங்க. பாப்பா, அப்பா பனியன் கிழிசல் தெரியுது பாரு, அந்த அகராதியைக் கைல குடு.”

அகராதியை மார்போடு அணைத்து, சம்மணமிட்டு, சிரித்தபடி ஒரு படம். அடுத்த நிமிடம் அது எத்தனை கைபேசிகளுக்குப் போயிற்றோ தெரியாது.

அம்மாமார் போனார்கள். மகள் மீன் தொட்டியைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, மீனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, விளையாடப் போனாள். பெட்டிக்காரர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா, இது எப்படி நிக்குது?”

மனைவி மேசைக்கு அருகே குந்தி உட்கார்ந்தாள். ஒரு காலின் அடி மடிப்பை விரலால் பிரித்துக் காட்டினாள். உள்ளே, பெட்டிக் காலுக்குள் கனகச்சிதமாக, கல் போன்ற ஒரு உருளை. கடைக்குத் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய்.

“நாலு கால்லயும் இருக்கு. நீங்க நாற்காலியைத் தூக்கிக்கிட்டு ரிவர்ஸ்ல போனீங்களே, அப்ப சொருகினோம். இதுவும் அட்டைதான். பாப்பா கொள்கைக்குப் பங்கம் இல்ல.”

“குழாய் எதுக்கு? நான்தான் ஒழுங்கா...”

“நெளியை ஏன் படுக்க வச்சு வெட்டினீங்க?”

அவர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மீனைப் பார்த்தார். மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“கை தவறி...”

“நாலு காலுக்குமா?”

“நெளி படுத்திருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“நல்லாருக்கே! துணிக்கு நூலோட்டம் மாதிரி அட்டைக்கு நெளி, நெளி நிக்கணும், நின்னா யானை, படுத்தா பூனைன்னு கல்யாணமான மறுநாள்லேர்ந்து எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கறது யாரு?”

பெட்டிக்காரர் திகைத்துப்போனார். “நீ கேட்டுக்கிட்டா இருந்தே?”

“‘ம்’னு சொன்னேனே.”

“அது... அது சும்மா சொல்ற ‘ம்’னு...”

“சும்மா எவளாவது இத்தனை வருஷம் ‘ம்’ சொல்வாளா?”

அவர் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ச்சியாக இருந்தது. ஓரத்தைப் பல் வைத்த கத்தியால் அறுத்து, கையைக் கிழிக்காதபடி துணிநாடா வேறு ஒட்டியிருந்தாள். சுவரோடு பேசியதாக நினைத்த இரவுகளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தச் சுவர் எல்லாவற்றையும் கேட்டு, வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. வேறு என்னென்ன சொல்லித் தொலைத்தோம் என்று மனம் பின்னோக்கி ஓடியது.

“பாப்பாவுக்கு...” குரல் இறங்கியது. “பாப்பாவுக்குத் தெரியுமா? நான் வெட்டின விஷயம்.”

“குழாய் வைக்கிறது அப்பாவோட யோசனைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். வகுப்புலயும் அப்படித்தான் பேசியிருக்கா.”

அந்த நேரத்தில் அவருக்கு மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்தும்விட்டார். மனசு லேசானதும், நாற்காலி ஞாபகம் வந்தது.

“மேசை மேசை இடத்துல இருக்கட்டும். நாற்காலியை மட்டும் கொண்டுவந்து அந்தக் கதவோரமா...”

“அது இனிமே வராதுங்க.”

“வராதுன்னா?”

“மாஸ்டர் அண்ணனுக்குக் குடுத்துட்டேன். அதுக்குப் பதிலா எனக்கு வண்டி ஓட்டக் கத்துத் தர்றார். நாளைக்குக் காலைல முதல் பாடம்.” அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “தேவை முடிஞ்ச சாமான் இன்னொருத்தருக்கு உபயோகப்படணும். பாப்பா சொன்னாளே, மறுசுழற்சி.”

“என்னை ஒரு வார்த்தை கேக்காம...”

“கேட்டேனே. யோசிச்சுச் சொல்றேன்னீங்க. யோசிக்கிற நாற்காலியே இல்லைன்னா சீக்கிரம் சொல்லிடுவீங்கன்னு பாத்தேன்.”

எதிர்வீட்டு வராந்தாவிலிருந்து மாஸ்டர் கையசைத்தார். சாய்ந்தபடியேதான் அசைத்தார்.

மனைவி சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“இன்னொண்ணு. வந்தவங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு மேசை வேணுமாம். படம் போன கையோட வகுப்புல பாதிப் பேர் வீட்டுலேர்ந்து கேட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமைல உக்காந்து வெட்டிடுங்க. அவ்ளோ பேருக்கும் சொருக எங்கிட்ட குழாய் இல்ல, அதனால இந்தத் தடவை நெளியை நிக்க வச்சு வெட்டுங்க. கேட்டீங்களா?”

வாயைத் திறந்தார் பெட்டிக்காரர். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது.

“ம்,” என்றார்.